ஆயில் விளக்கு எரிந்தால் முதலில் இன்ஜினை அணையுங்கள்!

மாடம்பாக்கத்தில் கீரையும் வெண்டையும் பயிரிடும் வாசகர் ஒருவர், விளைச்சலைத் தன் பழைய டீசல் காரில்தான் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறார். கொஞ்ச நாள்களாக, சேலையூர் அருகே சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குகிறதாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறதாம். ‘ஆயில் பம்ப் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். ‘சென்சார் கோளாறுதான், கண்டுகொள்ளாதே’ என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார் வாசகர்.

பதில்: அழுத்தத்தை அளந்து பார்க்கும்வரை இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால், அளக்கும்வரை வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதாகப் புரியும். இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்தான் கிணறு. அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் வலைதான் ஃபுட்வால்வு. பம்ப் அந்த ஆயிலை ஃபில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க் பேரிங் முதல் டர்போ வரை அனுப்புகிறது. அழுத்தம் குறைந்தால் இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடங்களிலேயே பேரிங் கருகி, இன்ஜின் ‘சீஸ்’ ஆகிவிடும்.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். பெரும்பாலான கார்களில் அழுத்தம் சுமார் 5 முதல் 7 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கினால்தான் விளக்கு எரியும். கார் டயரில் பிடிக்கும் காற்றே 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். அப்படியென்றால், விளக்கு எரிகிற நேரத்தில் நிலைமை ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘மார்க்கெட் பக்கத்தில்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். காய்கறியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொள்ளலாம்.

அதன்பிறகு, செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. ஆயில் அளவு: சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், கிணறு வற்றி ஃபுட்வால்வு காற்று இழுக்கிற கதைதான். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை, மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். விளக்கு அணைந்துவிட்டாலும் ஆயில் எங்கே போனது என்று தேட வேண்டும். அடியில் கசிவு இருக்கலாம். புகை நீலமாக வந்தால் இன்ஜினே ஆயிலை எரிக்கிறது.

2. ஆயிலின் தன்மை: அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

3. சுவிட்ச்சும் ஒயரும்: ஆயில் சரியாக இருந்தால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது பிரஷர் சுவிட்ச். அதைக் கழற்றி, அதே துளையில் பிரஷர் கேஜை மாட்டச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலிங்கில் சுமார் 10 பிஎஸ்ஐ-யாவது இருந்து, வேகம் கூட்டும்போது அழுத்தமும் ஏற வேண்டும். துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும். அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்தால் சுவிட்சையோ ஒயரையோ மாற்றினால் போதும். செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடலாம்.

4. அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தால்: முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறைவாக இருந்தால் சம்ப்பைக் கழற்றி, வலையில் கசடு அடைத்திருக்கிறதா, வேகத்தடையிலோ வரப்பிலோ இடித்து சம்ப் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரிலீஃப் வால்வு, பம்ப். பேரிங் தேய்மானத்தைக் கடைசியாகப் பார்க்கலாம்.

வாசகரின் காரில் சூடான பிறகு, ஐடிலிங்கில் மட்டும் விளக்கு எரிகிறது. ஆயில் நீர்த்துப்போனாலும், பேரிங் தேய்ந்தாலும், பம்ப் பலவீனமானாலும், சுவிட்ச் கெட்டாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால்தான் கேஜ் வைக்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்கக் கூடாது. ‘அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ காட்டியது?’ என்ற ஒரு கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். விளக்கு அணையட்டும் என்று கெட்டியான ஆயிலை ஊற்றுவது நோயை மறைக்கிற வேலை. டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்ப்செட் எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. ஆயிலைச் சோதித்து, தண்ணீர் கலந்திருந்தால் வடித்து மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டக் கூடாது. மாடம்பாக்கம் ஏரியில் உள்ள கிணறுகளிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மண்ணில் ஊற்றும் கறுப்பு ஆயில் பயிரையும் கெடுக்கும், நிலத்தடி நீரையும் கெடுக்கும். கேனில் சேர்த்து மூடி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைப்பதுதான் முறை.