தகுதி என்னும் தாழ்ப்பாள்

"தகுதியுள்ளவன் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான், பிறர் கைதூக்கி விட்டால்தான் ஏறுவேன் என்பவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?" இவ்வாறு பேசுவோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்காவில் வைத்திய ஆராய்ச்சித் துறையில் கறுப்பினத்தார், பூர்வகுடிகள், ஏழைகள் ஆகியோரின் பிள்ளைகள் மிக அருகியே காணப்படுகின்றனர். கல்லூரிப் பருவத்திலேயே அவர்களைத் தேர்ந்து பயிற்றுவதற்கென 1970களில் தோன்றி வளர்ந்த திட்டங்கள் பல உண்டு. அவற்றுள் பலவற்றின் மானியத்தை 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் வெட்டிற்று. இனம் பார்த்து உதவுவது அநீதியாம். தகுதி ஒன்றே போதுமாம்! இவ்வாதம் நிற்குமா என்று பார்ப்போம்.

விவியன் தாமஸ் என்றொரு கறுப்பின இளைஞர் இருந்தார். வைத்தியராக வேண்டுமென்று மரவேலை செய்து பணம் சேர்த்தார்.  1930இல் ஆல்பிரட் பிளேலாக் என்னும் வைத்தியரின் சோதனைச்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் வங்கி முறிந்தது, பணமும் போயிற்று. அவர் செய்தது ஆராய்ச்சி. சம்பளப் பட்டியலில் அவருக்கிட்ட பெயரோ கூட்டித் துடைப்பவர்! பிறவியிலேயே இருதயக் கோளாறுற்று உடல் நீலம் பாரித்த குழந்தைகளைக் காக்கும் சத்திர சிகிச்சையை நாய்களின்மீது செய்து செய்து பக்குவப்படுத்தியவர் அவரே. 1944 நவம்பர் 29இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் அச்சிகிச்சை முதன்முதல் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, பிளேலாக்கின் பின்னால் நின்று வழி சொல்லியவரும் அவரே. புகழ் யாருக்குச் சென்றது? பிளேலாக்குக்கும், உடன் உழைத்த ஹெலன் டாஸிக் அம்மையாருக்கும். தாமஸுக்கு அக்கலாசாலை கௌரவப் பட்டம் அளித்தது 1976இல்தான். இவருக்கா தகுதி இல்லை? தகுதி இருந்தது, கதவுதான் இல்லை!

கதவைத் திறந்தால் என்னவாகும்? மேரிலாந்து மாகாணத்தில் பால்டிமோர் நகரையடுத்த சர்வகலாசாலையொன்றில் 1988இல் மேயர்ஹாஃப் என்னும் செல்வரின் கொடையால் ஒரு திட்டம் பிறந்தது. அதனை நடத்தியவர் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி. 1963இல், பன்னிரண்டு வயதிலேயே, உரிமைப் போராட்டத்தில் சிறை சென்ற கறுப்பினக் கல்வியாளர் அவர். மாணவர்க்கு உபகாரச் சம்பளம் கொடுத்ததோடு திட்டம் நின்றுவிடவில்லை. கல்லூரி திறக்குமுன்பே கோடையில் தனிப் பயிற்சி. கூடிப் படிக்கும் வழக்கம். இளமையிலேயே சோதனைச்சாலையில் வேலை. ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டும் ஆசிரியர். 1996 முதல் எவ்வினத்து மாணவரும் இதிற் சேரலாம் என்றாயிற்று.

இதன் பயனை அளந்தும் பார்த்தனர். இத்திட்டத்தில் இடங் கிடைத்தும் வேண்டாமென்று வேறு கல்லூரிகளுக்குச் சென்ற மாணவர் சிலர். தேர்விலே இருசாராரும் ஒப்பானவரே. ஆயினும் திட்டத்திற் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகமாக ஆராய்ச்சிப் பட்டப் படிப்புக்குச் சென்றனர். தகுதி ஒன்றே போதுமென்போர் இதற்கு என்ன விடை சொல்வர்? ஒரே விதை, ஒன்றுக்கு நீர் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. அத்திட்டத்தில் பயின்று 2008இல் பட்டம் பெற்ற கிஸ்மேகியா கார்பெட் என்னும் கறுப்பினப் பெண்மணி, 2020இல் கொரோனா நோய்க்குத் தடுப்பூசி கண்ட அரசாங்க ஆராய்ச்சிக் குழுவின் முன்னணியில் நின்றார். அவ்வூசியைப் போட்டுக்கொண்டவர் எவரும் அவருடைய நிறத்தைக் கேட்கவில்லை!

"உதவி சோம்பேறியாக்கும்" என்பாருமுண்டு. என்னே பேதைமை! பணக்காரன் மகன் விடுமுறையில் கூலியின்றிச் சோதனைச்சாலையில் பழகலாம். ஏழை மகன் அவ்விடுமுறையில் கடையிலே நின்று சம்பாதித்தாக வேண்டும். முன்னவனுக்குத் தகப்பன் கொடுத்தால் அது திறமை. பின்னவனுக்குச் சமூகம் கொடுத்தால் மட்டும் அது பிச்சையா?

இஃது அந்த மாணவர்க்கு மட்டும் உரிய லாபமன்று. 1932 முதல் 1972 வரை டஸ்கிகீ என்னுமிடத்தில், மேகநோயுற்ற கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை செய்யாமலே நோயின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்க அரசாங்கச் சுகாதார இலாகா. இரத்தத்தில் பிராணவாயுவை அளக்க விரலிற் பொருத்தும் கருவி, கருந்தோலினரிடத்தில் உள்ள குறைவை அதிகமாகத் தவறவிடுகிறதென்று 2020இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. எந்தச் சமூகத்தின் பிள்ளைகள் சோதிப்போர் வரிசையில் இல்லையோ, அந்தச் சமூகத்தின் நோய் கடைசியாகத்தான் கவனிக்கப்படும்.

தோட்டத்துத் தமிழர்களே! நகரத்துத் தமிழர்களே! இது எங்கோ நடக்கும் கதையென்று தள்ளிவிடாதீர்கள். இம்மலாய் நாட்டில் 1900இல் கோலாலம்பூரில் வைத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மலேரியாவைப்பற்றி அக்காலத்து வெள்ளை வைத்தியர்கள் கற்ற பாடத்தில் பெரும்பகுதி, தோட்டத்து லயங்களில் காய்ச்சலாய்க் கிடந்த நம் பாட்டன்மாரின் உடலிலிருந்து கற்றதே. உடல் தந்தவர்கள் நாம். நூல் எழுதியவர்கள் பிறர்.

இன்று நம் பிள்ளை நன்றாய்ப் படித்தால், "டாக்டராகு, வக்கீலாகு" என்கிறோம். நோயின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு தொழிலென்று அவனுக்குச் சொன்னவர் யார்? நம் சங்கங்கள் மாலைக்கும் மேடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, சர்வகலாசாலையிற் பயிலும் ஓர் ஏழை மாணவிக்கு விடுமுறைச் சம்பளம் கொடுத்து, "சோதனைச்சாலைக்குப் போ அம்மா" என்று அனுப்பலாகாதா? ஆராய்ச்சியில் அமர்ந்துவிட்ட தமிழர் ஒவ்வொருவரும் தம் பின்னால் வருவோரில் ஒருவரை அழைத்துச் செல்லலாகாதா?

தகுதியைப் பற்றிப் பேசுமுன் தாழ்ப்பாளைத் திறவுங்கள். தகுதி தானே உள்ளே வரும்!