2 டிகிரி தண்ணீரில் ஒரு கேமரா!

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்தாலே விரல்கள் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரின் குளிர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். அதே குளிரில், சில நாள்களில் அதைவிடவும் குளிர்ந்த தண்ணீரில், உடல் முழுக்க மூழ்கி அரை மணி நேரம் நீந்துகிறார்கள் சிலர். நீந்துவதோடு விடுவதில்லை. கையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கேமராவைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் வீடியோவாக்கிக் கொண்டும் வருகிறார்கள்.

அவர்கள் தேடிப் போகும் இடங்களில் முக்கியமானது, ஐஸ்லாந்தில் இருக்கும் சில்ஃப்ரா.

பூமி பிளந்த இடம்

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது சில்ஃப்ரா. கி.பி. 930-ல் அந்த நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடிய இடம் திங்வெல்லிர். 2004-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பகுதி அது. நிலம் அப்படி இழுபட்டுப் பிளந்ததில் உண்டான வெடிப்புகளில் ஒன்றுதான் சில்ஃப்ரா. லாங்யோகுட்ல் என்ற பனிப்பாறையில் உருகும் நீர், எரிமலைப் பாறைகளின் நுண்துளைகள் வழியே பல பத்தாண்டுகள் கசிந்து வடிந்து இந்த வெடிப்பை வந்தடைகிறது. இயற்கையே வைத்த ஃபில்டர்! அதனால் தண்ணீருக்குள் 100 மீட்டர் தொலைவுக்கும் கண் தெரியும். நீந்திக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம்.

கோடையோ குளிர்காலமோ, தண்ணீரின் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரிதான். இங்கே மீன்கள் அதிகம் கண்ணில் படுவதில்லை. கறுத்த பாறைச் சுவர்களும், பளீர்ப் பச்சையில் தலைமுடி போல அசையும் பாசிகளும், அடி வரை தெரியும் நீலமும்தான் காட்சி. கேமராவோடு வருபவர்களுக்கு அதுவே போதும்.

சர்ஃபிங்கில் பிறந்த யோசனை

அலைச்சறுக்கு, சைக்கிள், பனிச்சறுக்கு என எதைச் செய்தாலும் உடம்பில் மாட்டிக்கொண்டே படமெடுக்க உதவும் சிறிய கருவிதான் ஆக்‌ஷன் கேமரா. இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் நிக் வுட்மேன். 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் அலைச்சறுக்குப் பயணம் போனவருக்கு, அலைமேல் இருக்கும்போதே படமெடுக்க ஒரு கேமரா வேண்டும் என்று தோன்றியது. 2004-ல் அவருடைய கோப்ரோ நிறுவனத்தின் முதல் கேமரா வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமரா அது.

இன்றைய கோப்ரோ ஹீரோ மாடல்கள் பலவும் அப்படியே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அதற்கென விற்கும் ஹவுசிங் எனப்படும் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்தால் 60 மீட்டர் வரை போகலாம். டி.ஜே.ஐ. ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ, கூடு இல்லாமலே 20 மீட்டர் தாங்கும் என்கிறது அந்த நிறுவனம்.

சில்ஃப்ராவில் ஸ்கூபா டைவர்கள் 18 மீட்டருக்குக் கீழே இறங்க அனுமதியில்லை. அப்படியானால் கேமராவுக்குக் கவலை இல்லையே என்று தோன்றும். கேமராவைப் படுத்துவது ஆழத்தைவிடக் குளிர்தான்.

பேட்டரி ஏன் படுத்துவிடுகிறது?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை. குளிரில் அந்த வினை மந்தமாகிறது. பேட்டரியின் உள்தடை கூடுகிறது. கேமரா கேட்கும் வேகத்தில் மின்சாரத்தைத் தர அதனால் முடிவதில்லை. திரையில் பாதி சார்ஜ் இருப்பதாகக் காட்டும்போதே கேமரா அணைந்துபோவது இதனால்தான். அதே பேட்டரியைச் சிறிது நேரம் சூடான இடத்தில் வைத்திருந்தால் மறுபடி உயிர் வரும்.

எனவே, அனுபவசாலிகள் பேட்டரியை வெறும் பையில் போடுவதில்லை. உடலையொட்டிய உள்பாக்கெட்டில் கதகதப்பாக வைத்திருந்து, இறங்கும் முன்பு கேமராவில் போடுகிறார்கள். கரையில் நின்று அரட்டை அடிக்கும்போது கேமராவை ஆன் செய்து வைப்பதில்லை. ஐஸ்லாந்துக் குளிர்காலத்தில் வெளிக்காற்று தண்ணீரைவிடவும் குளிர்ந்திருக்கும் என்பதால், பேட்டரி கரையிலேயே களைத்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். மணாலிக்கோ காஷ்மீருக்கோ போகிறவர்களின் செல்போனுக்கும் இதே விதிதான்.

வீடியோ முழுக்க மூடுபனி

ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும் அல்லவா? ஈரப்பதமுள்ள காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்திவலையாகிறது. கேமராக் கூட்டுக்குள்ளும் நடப்பது அதுவே.

கதகதப்பான ஓட்டல் அறையில் கூட்டை மூடினால், அந்த அறையின் ஈரக்காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 2 டிகிரி தண்ணீரில் இறங்கியதும் கூட்டின் முன்கண்ணாடி சில்லிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கேமராவோ சூடாகிறது. பத்தே நிமிடத்தில் லென்ஸுக்கு எதிரே வெண்திரை. இது தண்ணீருக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஊர் திரும்பி வீடியோவைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இதற்கு மருந்து எளிது. ஈரத்தை உறிஞ்சும் சிறு பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. கூட்டுக்குள் இடுக்கில் ஒன்றிரண்டு செருகிவிடலாம். கூட்டை மூடும் வேலையை உலர்ந்த இடத்தில், முன்கூட்டியே முடித்துவிடலாம். ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது ஈரம் நீக்கப்பட்ட காற்று என்பதால், மூடுவதற்கு முன் அதைக் கூட்டுக்குள் லேசாகப் பீய்ச்சும் டைவர்களும் உண்டு.

கூட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் ஒரு தலைமுடியோ ஒரு மணல்துகளோ சிக்கியிருந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கேமரா இல்லாத வெறும் கூட்டை முதலில் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது பழைய, நல்ல வழக்கம்.

உறையிட்ட கையும் தொடுதிரையும்

இந்தக் குளிரில் சாதாரண நீச்சல் உடை உதவாது. சில்ஃப்ராவில் டைவ் செய்ய ட்ரை சூட் கட்டாயம். தண்ணீரை உள்ளே விடாத உடை அது. அதற்குள் கம்பளி போன்ற உள்ளாடை அணிவார்கள். டைவ் செய்ய வருபவர், ட்ரை சூட்டில் பயிற்சியோ அனுபவமோ இருப்பதற்கான சான்று காட்ட வேண்டும். கைகளுக்குப் பருத்த உறைகள். அவற்றையும் மீறி விரல்கள் மரத்துப்போகும்.

அந்த விரல்களால் கேமராவின் சிறிய பொத்தானைத் தேடி அழுத்துவதே பெரும்பாடு. தொடுதிரையோ தண்ணீருக்குள் வேலை செய்யாது. ஆகவே, எல்லா அமைப்புகளையும் அறையிலேயே முடிவு செய்துவிட்டு, ஒரே பொத்தானில் பதிவு தொடங்கும்படி வைத்துக்கொள்கிறார்கள். பலர் இறங்கும் முன்பே பதிவைத் தொடங்கி, ஏறிய பிறகுதான் நிறுத்துகிறார்கள்.

கேமராவை இரண்டு கைப்பிடிகள் உள்ள தட்டில் பொருத்தினால் ஆட்டம் குறையும். கயிறு ஒன்றால் உடையோடு கட்டிக்கொள்வது அவசியம். சில்ஃப்ராவின் ஆழமான பகுதி 60 மீட்டரைத் தாண்டும். கைதவறி அங்கே விழுந்த கேமராவை மறந்துவிட வேண்டியதுதான்.

சிவப்பு எங்கே போச்சு?

சூரிய ஒளியின் நிறங்களில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் காணாமல் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலம். முகமெல்லாம் நீலம் பாரித்த வீடியோக்களுக்குக் காரணம் இதுதான். லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் போட்டால் ஓரளவு சரியாகும். பச்சை நிறமாகத் தெரியும் குளிர்கடல்களுக்குக் கருஞ்சிவப்பு சாயலுள்ள மெஜந்தா ஃபில்டர் பொருந்தும். கிட்டே போய் விளக்கு அடித்து எடுத்தால் நிஜ நிறம் கிடைக்கும்.

மூச்சை அடக்கக் கூடாது!

இவற்றில் எது தவறினாலும் போவது ஒரு வீடியோதான். உயிருக்கே வினையாகக்கூடியவை வேறு.

செல்போனில் படமெடுக்கும்போது கை ஆடாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். ஸ்கூபாவில் அந்தப் பழக்கம் ஆபத்து. ஆழத்தில் சுவாசிப்பது அழுத்தம் கூடிய காற்று. மூச்சை அடக்கியபடி ஓரிரு மீட்டர் மேலே வந்தாலும் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, திசுக்களைக் கிழித்துவிடக்கூடும். ட்ரை சூட்டுக்குள் இருக்கும் காற்றும் மேலே வர வர விரியும். திரையிலேயே கண்ணாக இருப்பவர், தான் மேலே மிதந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல் போகலாம்.

குளிர்நீரில் இன்னொரு சிக்கல், ரெகுலேட்டர் உறைவது. சிலிண்டரிலிருந்து அழுத்தம் குறைந்து வெளியேறும் காற்று மேலும் குளிரும். அதனால் ரெகுலேட்டரில் பனி கட்டினால், காற்று நிற்காமல் பீறிடத் தொடங்கும். சில நிமிடங்களில் சிலிண்டரே காலியாகலாம். குளிர்நீருக்கென்றே செய்த ரெகுலேட்டரைப் பயன்படுத்துவதும், காற்றுமானியை அடிக்கடி பார்ப்பதும் அதற்காகத்தான். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட 25 மடங்கு வேகமாகக் கவர்ந்துகொள்ளும். குளிரில் நடுங்குபவர் காற்றையும் அதிகம் செலவழிப்பார்.

காற்றுமானி, ஆழம், கூட வரும் துணைவர் என மூன்றின்மீதும் சதா கண் இருக்க வேண்டிய இடத்தில், நான்காவதாக வந்து சேர்கிறது கேமரா. கேமரா இல்லாமலே நிதானமாக ஓரிடத்தில் மிதக்கத் தெரிந்த பிறகுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். புதிதாக வருபவர்கள் கேமராவை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரையேறிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி. குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் உடனே திறக்கக் கூடாது. உள்ளே ஈரம் படிந்துவிடும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு கப் சூடான சாக்லேட் பானம் குடித்து விரல்களுக்கு உயிர் வரவழைத்துக்கொள்ளலாம். சில்ஃப்ராவில் பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள்!