ஆறு நமது, நூல் நமது, வரலாறு மட்டும் அவனுடையதா?

கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்திய வணிகக் குழு விலைக்கு வாங்கியது. எதற்கு? கடலூரும் தில்லையும் அடங்கிய இக்கடற்கரை நாட்டு நெசவாளன் கைத்தறியில் நெய்த ஆடையைக் கப்பலேற்றிப் பொருளீட்டுதற்கு! அன்று நம் துணியை வாங்கிச் சென்றவன், பின்னர்த் தன் பொறித்துணியை நம்மிடமே விற்றான். நம் தறி நலிந்தது. அதன்பின் நூற்கும் தொழிலையும் நம் மண்ணிலேயே கைக்கொள்ள வந்தான்.

இசுகாட்லாந்துக்காரராகிய ஆர்வி உடன்பிறந்தார் 1885-இல் நெல்லைச் சீமைப் பாவநாசத்தில், பொருநையாற்றங்கரையில் நூற்பாலை நிறுவினர். மலையினின்று இறங்கும் ஆற்றுநீரின் விசையே அதன் பொறிகளைச் சுழற்றியது. நீர் பொருநையுடையது, உழைப்பு தமிழனுடையது, கொள்ளை வருவாய் மட்டும் ஆர்வியுடையது! ஆயினும், ஆர்வி வந்ததால் ஊர் வாழ்ந்தது என்று கதைப்பார் இன்றும் உளர்.

வாழ்ந்த கதையைத் தூத்துக்குடியிற் கேளுங்கள்! அதே ஆர்வியின் ஆளுகையிலிருந்த கோரல் ஆலையில் 27-2-1908 அன்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர் கேட்டவை யாவை? கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. இவற்றைக் கூடப் போராடியன்றோ பெற வேண்டியிருந்தது! தில்லையின் பெயர் தாங்கிய வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஒன்பது நாளில் முதலாளி பணிந்தான். அடுத்த கிழமையே, 12-3-1908 அன்று, சிதம்பரனார் சிறைப்பட்டார். ஆலைத் தொழிலாளிக்காகப் பேசிய அப்பெருமகனைக் கோவைச் சிறையிற் செக்கிழுக்க வைத்தது வெள்ளை அரசு!

பருத்தி, பஞ்சு, இழை, பாவு, ஊடை, தறி – அத்தனையும் தமிழ். பருத்தி நூற்கும் பெண்டிரைப் புறநானூறு அறியும். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டும் நன்னூல். ஏட்டையும் இழையையும் 'நூல்' என்னும் ஒரே சொல்லால் வழங்கிய இனம், இன்று 'காட்டன் மில்' என்றும் 'யார்ன்' என்றும் பிதற்றுகின்றது. தொழிலைப் பறிகொடுத்தோம், சொல்லையுமா பறிகொடுப்பது?

தமிழன்பர்களே! முதலாளியின் கணக்கேட்டை வரலாறென்று கொள்ளாதீர்! ஆலையில் உழைத்த முதியோரைத் தேடிச் செல்லுங்கள். அவர் கூறுவனவற்றை நல்ல தமிழில் எழுதி வையுங்கள். நிறுவியவன் பெயருக்கு முன்னே நூற்றவன் பெயர் நிற்கட்டும். 'ஆலை' என்றே சொல்லுங்கள். 'நூற்பாலை' என்றே எழுதுங்கள்!

நூற்றவன் தமிழன், அவன் வரலாற்றையும் தமிழே நூற்கட்டும்!