அமெரிக்கரின் பந்தாட்டமும் ஆட்டக்காரரின் மூளையும்

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை சொற்பம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவன்மீது எதிர்க் கோஷ்டியார் பாய்ந்து அவனைத் தரையில் சாய்ப்பதுமே அதன் சாரம். பெயரைக் கண்டு அதை நமது மைதானங்களில் நடைபெறும் கால்பந்து என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இந்த ஆட்டத்தினால் ஆட்டக்காரரின் மூளை கெடுகிறது என்பது வெளியாகி இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. அதனால் ஜனங்களுக்கு அதன்மீதுள்ள மோகம் குறைந்துவிட்டதா என்ற கேள்வி அந்நாட்டில் அடிக்கடி எழுகிறது. பார்ப்பவரின் மோகம் எள்ளளவும் குறையவில்லை, பிள்ளையை ஆட அனுப்பும் தாய் தந்தையரின் மனந்தான் மாறியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். இவ்விரண்டையும் பிரித்துப் பாராததனாலேயே விவாதம் முடிவின்றி நடக்கிறது.

அபாயத்தைப் பற்றிய பேச்சு புதிதன்று. 1905-ம் வருஷத்து ஆட்டங்களில் 18 பேர் மாண்டதாக அக்காலத்துப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வருஷம் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கலாசாலைகளின் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும்படி எச்சரித்தார். கொலம்பியா சர்வகலாசாலை ஆட்டத்தையே கைவிட்டது. 1906-ல் விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிவது முதன் முதலாக அனுமதிக்கப்பட்டது. இன்று கண்கொள்ளாக் காட்சி என்று அவர்கள் கொண்டாடும் நீண்ட எறிகள் யாவும் பாதுகாப்புக்காகச் செய்த அந்தத் திருத்தத்தின் பிள்ளைகளே. விதியைத் தொட்டால் ஆட்டத்தின் வீரம் போய்விடும் என்று கூச்சலிடுவோர் தங்கள் சரித்திரத்தையே அறியாதவர்கள்.

ஆனால் அன்றைய அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது, இன்றையது தெரியாதது. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். மண்டைக்குள் மூளை குடத்து நீர்போல் அலைந்து மோதுவதை எந்தக் கவசமும் முற்றிலும் தடுத்ததில்லை. மயக்கம் தராத சிறு அடிகளும் வருஷக்கணக்கில் சேர்ந்து மூளையை அரிக்கின்றன. ஞாபகம் தவறுகிறது, குணம் மாறுகிறது, சிலர் தற்கொலை வரையில் செல்கின்றனர். இன்னின்னாருக்கு இந்த வியாதி உண்டென்று இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தே நிச்சயிக்க முடிகிறது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கோஷ்டியின் பெயர்பெற்ற வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-ல், 50-வது வயதில் காலமானார். புகழின் உச்சியிலிருந்த அவர் கடைசிக் காலத்தில் வீடு வாசலின்றித் தமது வண்டியில் உறங்கியவர். அவருடைய மூளையைப் பரிசோதித்து வியாதியைக் கண்டவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு. 2005-ல் அவர் அதை வெளியிட்டதும், தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் தேசிய லீக் என்ன செய்தது? அதன் மூளைக்காயக் கமிட்டியைச் சேர்ந்தவர்கள் அக்கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டுமென்று எழுதினார்கள். அக்கமிட்டிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர் மூட்டுவாத வைத்தியர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மூளைக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தமோ, லீக்குக்கே வெளிச்சம்! ஆட்டத்துக்கும் இவ்வியாதிக்கும் தொடர்புண்டென்று லீக்கின் உயர் உத்தியோகஸ்தர் ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் ஒப்புக்கொண்டது 2016-ல்தான்.

நஷ்டஈட்டின் கதை இதைவிடக் கேவலமானது. 4,500-க்கு மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட ராஜியைக் கோர்ட்டு 2015-ல் அங்கீகரித்தது. பணம் பெறுவதற்கு அறிவு மங்கியிருப்பதைப் பரீட்சையில் காட்டவேண்டும். அந்தப் பரீட்சையில் கறுப்பருக்கு ஓர் அளவுகோல், வெள்ளையருக்கு வேறோர் அளவுகோல்! கறுப்பரின் அறிவு முதலிலேயே குறைவானது என்று அனுமானித்ததனால், ஒரே எண்ணிக்கை பெற்ற இருவரில் வெள்ளையர் நோயாளியாகவும் கறுப்பர் சுகமானவராகவும் கருதப்படலாயிற்று. லீக்கின் ஆட்டக்காரரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர். யார் தலைகளின் மோதலால் பொக்கிஷம் நிறைந்ததோ, அவர்கள் தலைக்கே விலை குறைத்துப் போட்ட இந்த அநீதியை, வழக்கும் கண்டனமும் எழுந்த பிறகே 2021-ல் கைவிடச் சம்மதித்தார்கள்.

இவ்வளவும் வெளியான பிறகு ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா? 2023-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக அதிகமானோர் பார்த்த 100 நிகழ்ச்சிகளில் 93 இந்த லீக்கின் ஆட்டங்கள். 2025-ல் நடந்த இறுதிப் போட்டியைச் சராசரி 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தனர். 2023 ஜனவரி 2-ந் தேதி பப்பலோ கோஷ்டியின் டாமர் ஹாம்லின் மைதானத்திலேயே இருதயம் நின்று விழுந்தபோது தேசமே பதைத்தது. அன்றைய ஆட்டம் நிறுத்தப்பட்டது. அந்த வாரம் கழிவதற்குள் மற்ற ஆட்டங்கள் நடந்தன, ஜனங்களும் வழக்கம்போல் பார்த்தார்கள். நல்ல வேளையாக ஹாம்லினும் பிழைத்து, அவ்வருஷமே மறுபடி ஆட வந்தார்.

மாறுதலைக் காணவேண்டுமானால் பள்ளிக்கூடங்களைப் பார்க்கவேண்டும். 2008-ல் 11 லட்சத்துக்கு மேலிருந்த உயர்தரப் பள்ளி ஆட்டக்காரரின் தொகை பத்து வருஷங்களில் ஒரு லட்சம் குறைந்தது. பின்னர் சற்றே ஏறிற்று. ஜனாதிபதியாயிருந்த ஒபாமா 2013-ல், தமக்கு மகன் இருந்தால் இந்த ஆட்டத்துக்கு அனுப்புமுன் நெடிது யோசிப்பேன் என்ற கருத்தைச் சொன்னார். அவரும் ஆட்டத்தை விரும்பிப் பார்ப்பவர்தான்!

ஆட்டக்காரர்கள் அபாயத்தை அறிந்தே ஏராளமான சம்பளத்துக்கு ஆடுகிறார்கள் என்ற வாதம் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பாஸ்டன் சர்வகலாசாலையார் 2017-ல் சோதித்த லீக் ஆட்டக்காரரின் 111 மூளைகளில் 110-ல் வியாதி இருந்ததென்பதும், குடும்பத்தார் சந்தேகங்கொண்டு கொடுத்த மூளைகள் பற்றியதாகையால், எல்லோருக்கும் பொருந்தும் கணக்கன்று. ஆயினும் 32 கோஷ்டிகளில், கோஷ்டிக்கு 53 பேர் வீதம், சம்பளக்காரர் 1,700 பேர்கூட இல்லை. பத்து லட்சம் பள்ளிப் பையன்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? எட்டு வயதுச் சிறுவன் எந்த அபாயத்தை அறிந்து சம்மதித்தான்?

லீக்கும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் ஆட்டத் தொடக்க உதையின் விதியை மாற்றி, முழுவேகத்தில் ஓடி மோதுவதைக் குறைத்தது. இவை வரவேற்கத்தக்கவை. குழந்தைகள் விஷயத்தில்தான் தயக்கம். 12 வயதுக்குட்பட்டோர் மோதிச் சாய்க்கும் ஆட்டம் ஆடுவதைத் தடுக்கக் கலிபோர்னியாவில் வந்த மசோதா, கவர்னர் நியூஸம் கையொப்பமிடமாட்டேன் என்று 2024 ஜனவரியில் அறிவித்ததும் மடிந்தது. பெற்றோரின் சுதந்திரம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இடுப்பில் கட்டிய கொடியைப் பறித்து ஆளை நிறுத்தும் மோதலில்லாத ஆட்டமும் அவர்களிடம் இருக்கிறது. 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதைச் சேர்த்துமிருக்கிறார்கள். உலகத்தாருக்குக் காட்டத் தகுதியுள்ள அந்த ஆட்டத்தைத் தங்கள் சிறுவர்களுக்குச் சட்டமாக்கக் கலிபோர்னியாச் சட்டசபை மறுபடியும் முன்வர வேண்டும்.