பட்டன் போனுக்குத் திரும்பலாமா?

மராட்டிய மாநிலத்தில் சாங்லி மாவட்டம். அங்கே மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். சுமார் 3 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர்.

2022-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அந்த ஊரார் ஒரு கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். என்ன கட்டுப்பாடு தெரியுமா?

தினமும் மாலை 7 மணிக்கு ஊர்க் கோவிலில் இருந்து சங்கு ஊதும். உடனே வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டியை நிறுத்த வேண்டும். செல்போனைக் கீழே வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தை எடுக்க வேண்டும். பெரியவர்கள் எதையாவது படிக்கலாம். ஒருவரோடு ஒருவர் பேசிக் கொண்டு இருக்கலாம். எட்டரை மணி வரை இப்படி.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பாடம் எல்லாம் செல்போனில் நடந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பிள்ளைகளின் கையில் இருந்து செல்போன் இறங்கவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு.

ஆலையில் வேலை தொடங்கச் சங்கு ஊதுவார்கள். யுத்த காலத்தில் விமானம் வருகிறது என்று எச்சரிக்கச் சங்கு ஊதுவார்கள். கையில் உள்ள சாமானைக் கீழே வை என்று சொல்லவும் சங்கு ஊத வேண்டிய காலம் வந்துவிட்டது!

பேசத்தான் வந்தது

செல்போன் பேசுவதற்காகப் பிறந்த கருவி. 1973-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத் தெருவில் நின்று கொண்டு மார்ட்டின் கூப்பர் என்ற என்ஜினீயர் முதல் முதலாகக் கைபேசியில் பேசினார். அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல். அவர் யாரோடு பேசினார்? போட்டிக் கம்பெனியின் என்ஜினீயரோடு! "உனக்கு முன்னால் நான் செய்துவிட்டேன்" என்று காட்டிக் கொள்ளத்தான்.

இந்தியாவில் 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி செல்போன் பேச்சு தொடங்கியது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அந்த நாளில் பேசினாலும் காசு. மற்றவர் பேசுவதைக் கேட்டாலும் காசு. செல்போன் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது.

அதை ஏழைகளின் பைக்குக் கொண்டுவந்தது எது? 2003-ம் ஆண்டு வந்த நோக்கியா 1100 என்ற சின்னப் போனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பட்டன்கள். தலையில் ஒரு டார்ச் விளக்கு. மின்சாரம் இல்லாத இரவில் அந்த விளக்கு எத்தனை வீடுகளுக்கு உதவியது! இதே கம்பெனி 2006-ல் நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது அதே வட்டாரத்தில் வேறொரு கம்பெனி ஐபோன்களைத் தயாரிக்கிறது. பட்டன் போன் போய் டச் போன் வந்த கதையை ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நின்றே படித்துவிடலாம்.

முடிவே இல்லாத சினிமா

டச் போன் ஏன் மனிதனை இப்படிப் பிடித்துக் கொள்கிறது?

சினிமாவுக்கு "சுபம்" உண்டு. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ரேடியோ நிலையமும் ஒரு காலத்தில் இரவு வணக்கம் சொல்லி முடித்துக் கொள்ளும். முடிவு வந்தால் மனிதன் எழுந்து வேறு வேலைக்குப் போவான்.

டச் போனில் முடிவு கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்த படம், அடுத்த செய்தி, அடுத்த வீடியோ வந்து கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். இதனால் மக்களின் பொழுது எவ்வளவு பாழாகிறது என்று பார்த்து, பின்னாளில் அவரே வருத்தப்பட்டார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அமெரிக்காவில் பி.எப்.ஸ்கின்னர் என்ற உளநூல் அறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கூண்டில் ஒரு பொத்தான். அதைப் புறா கொத்தினால் தானியம் விழும். கொத்தும் போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா வயிறு நிறைந்ததும் போய்விடும். ஒரு சமயம் விழும், ஒரு சமயம் விழாது என்று வைத்தால்? புறா ஓயாமல் கொத்துகிறது! "இந்தத் தடவை விழுமோ" என்ற ஆசைதான் காரணம். சூதாட்டத்திலும் இதுவேதான் நடக்கிறது.

போனைத் திறந்தால் நல்ல சேதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாம் போட்ட படத்துக்குப் பத்துப் பேர் "லைக்" போட்டு இருக்கலாம். ஒருவருமே பார்க்காமலும் இருக்கலாம். ஆகவே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறோம். புறாவைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது.

இதில் கம்பெனிகளுக்கு என்ன லாபம்? விளம்பரம்தான். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம். காசு வாங்காமல் சரக்குக் கொடுக்கிறார்களே என்று நினைக்கிறோம். அங்கே விற்பனை ஆவது நம்முடைய நேரம்.

2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்தது. இன்டர்நெட் விலை சரிந்தது. மாதத்துக்கு ஒரு ஜி.பி. என்று கணக்குப் பார்த்துச் செலவழித்த குடும்பங்கள், ஒரே நாளில் அதைவிட அதிகம் செலவழிக்கத் தொடங்கின. நன்மை இல்லாமல் இல்லை. படிக்க வசதி இல்லாத பிள்ளைக்கும் பாடம் கிடைத்தது. ஆனால் கிணற்றடியில் இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்து, பிறகு கட்டிலுக்குக் கீழேயும் ஏறிவிட்டது!

இது நோயா?

சிலர் இதை "செல்போன் நோய்" என்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியது இல்லை. உலக சுகாதார நிறுவனம் வீடியோ விளையாட்டுக்கு அடிமை ஆவதை நோய்ப் பட்டியலில் சேர்த்து இருக்கிறது. அது 2022-ல் நடைமுறைக்கு வந்தது. வெறும் செல்போன் பழக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், செல்போன், இன்டர்நெட் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு என்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். தூக்கம் கெடுவது, படிப்பு கெடுவது, வீட்டில் சண்டை, இவை எல்லாம் அதிகமானால் அப்படிப்பட்ட இடத்துக்குப் போவதில் வெட்கம் வேண்டாம்.

மற்றவர்களுக்கு? அவர்களில் சிலர்தான் இப்போது பட்டன் போனைத் தேடுகிறார்கள்.

குறைத்ததற்குக் கூடுதல் விலை!

அமெரிக்காவில் இரண்டு பேர் "லைட் போன்" என்று ஒரு கருவியைச் செய்து 2017 முதல் விற்கிறார்கள். அதில் பேஸ்புக் கிடையாது. வீடியோக் கடல் கிடையாது. பேசலாம், சேதி அனுப்பலாம். விலையோ நம் பணத்தில் பல ஆயிரம் ரூபாய்! வேண்டாததை எடுத்ததற்கு அங்கே அவ்வளவு கேட்கிறார்கள். நம் ஊரில் 2023-ல் "ஜியோ பாரத்" என்ற பட்டன் போன் 999 ரூபாய்க்கு வந்தது. வேறு கம்பெனிகளின் பட்டன் போன்களும் ஒன்றிரண்டு ஆயிரத்துக்குள் கிடைக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

பட்டன் போனுக்கு மாறினால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

பேச்சு இருக்கும். எஸ்.எம்.எஸ். இருக்கும். ஆகவே பாங்கியில் இருந்தும் ஆதாரில் இருந்தும் வரும் ஓ.டி.பி. எண் தவறாமல் வரும். அலாரம், டார்ச், எப்.எம். ரேடியோ இருக்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் சில நாள் தாங்கும்.

பணம் அனுப்ப முடியுமா? முடியும். பட்டன் போன்காரர்களுக்காக ரிசர்வ் பாங்கி 2022 மார்ச்சில் "யு.பி.ஐ. 123பே" என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தது. ஒரு எண்ணுக்குப் போன் செய்து, குரல் சொல்லுகிறபடி பட்டனை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை போகும். டீக்கடையில் ஒட்டி இருக்கும் கட்டம் போட்ட படத்தை மட்டும் இதில் பிடிக்க முடியாது. டீக்குச் சில்லறைதான் எடுக்க வேண்டும். (சில்லறை எடுத்துக் கொடுக்கும் போதுதான் செலவு கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லும் இல்லத்தரசிகளும் உண்டு.)

இன்னும் ஒரு லாபம். "நான் போலீஸ் பேசுகிறேன், உன்னைக் கைது செய்து இருக்கிறேன், காமிரா முன்னால் இருந்து நகராதே" என்று வீடியோவில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகி விட்டன. 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோப் பேச்சில் இதைச் சொல்லி எச்சரித்தார். வீடியோ இல்லாத போனில் இந்த நாடகம் நடக்காது. ஆனால் ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவன் பட்டன் போனுக்கும் பேசுவான். அதில் ஜாக்கிரதை வேண்டும்.

யாரால் முடியாது?

இப்போது கஷ்டமான பக்கத்துக்கு வருவோம்.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், வாடகைக் கார் ஓட்டும் டிரைவர், இவர்களுக்கு டச் போன்தான் கலப்பை. அதை வைத்துவிட்டு வா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மகன் துபாயில் இருக்கிறான். பேரக் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. பாட்டி அந்த முகத்தைப் பார்ப்பது வீடியோவில்தான். அந்த ஐந்து நிமிஷத்தைப் பறிக்கவும் கூடாது.

பள்ளிக்கூடங்களும் ஒரு தடையாக இருக்கின்றன. வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பரீட்சைத் தேதி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதற்காகப் போனை எடுக்கும் தாயார் அரை மணி கழித்துத்தான் அடுப்படிக்குத் திரும்புகிறார். முன்பு போல டைரியில் எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் பல பள்ளிக்கூடங்கள் இணங்கும்.

ஆகவே "டச் போனை உடைத்துப் போடுங்கள்" என்பது நடக்காத பேச்சு. நமக்குத் தோன்றுவது வேறு. வீட்டுக்கு ஒரு டச் போன் போதும். அது ரேடியோப் பெட்டி போலக் கூடத்தில் ஒரு மேஜை மேல் இருக்கட்டும். பாட்டி பேரனைப் பார்க்கலாம். அம்மா பள்ளிக்கூடச் சேதி பார்க்கலாம். கரண்ட் பில் கட்டலாம். எல்லோர் கண் முன்னாலும் நடக்கும். வெளியே போகிறவர் பையில் பட்டன் போன் போகட்டும். ராத்திரி தலையணைக்கு அருகிலும் அலாரத்துக்குப் பட்டன் போன்தான்.

முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். பஸ்சுக்குக் காத்து நிற்கும் போது கை தானாகப் பைக்குள் போகும். எடுத்துப் பார்த்தால் மணி மட்டும் தெரியும்! சும்மா நிற்பது எப்படி என்பதையே மறந்து போய் இருக்கிறோம். அது திரும்பி வரக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

பிள்ளைகளிடம் இருந்து மட்டும் பிடுங்குவதில் பலன் இல்லை. பிரான்சு தேசத்தில் 2018-ல் பள்ளிக்கூடத்துக்குள் செல்போனுக்குச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ந் தேதி முதல் 16 வயது ஆகாதவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக் கொள்ளத் தடை. சட்டம் வாசல் வரை வரும். வீட்டுக்குள் அப்பா சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கொண்டு, "போனைப் பார்க்காதே" என்று மகனை அதட்டினால் மகன் கேட்பானா? வட்காவ் ஊரில் பெரியவர்களும் சேர்ந்து கீழே வைத்தார்கள்.

கடைக்குப் போகும் முன்

மாற நினைக்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

அலமாரியில் கிடக்கும் பழைய போன் எல்லா சிம்முக்கும் ஆகாது. ஜியோவுக்கு 2-ஜி அலைவரிசையே கிடையாது. அந்த சிம் வைத்து இருப்பவர்கள் "4-ஜி பட்டன் போன்" என்று கேட்டு வாங்க வேண்டும். டச் போன் சிம் சின்னது. பல பட்டன் போன்களில் பள்ளம் பெரியது. அதற்குப் பொருத்தும் சட்டத்தையும் கடையிலேயே கேளுங்கள். பட்டன் இருந்தால் மட்டும் போதாது. சில பட்டன் போன்களிலும் வீடியோ ஓடுகிறது. திறந்து பார்த்து வாங்குங்கள்.

போன் எண்கள் எல்லாம் டச் போனில், கூகுள் கணக்கில் இருக்கும். சிம்மைக் கழற்றினால் கூடவே வராது. ஒரு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக் கொள்வது நல்லது. டாக்டர், பள்ளிக்கூடம், காஸ் கம்பெனி, அண்ணன், தம்பி, சம்பந்தி என்று வரிசையாக எழுதினால், தினமும் உண்மையில் தேவைப்படுகிற எண்கள் இரண்டு பக்கத்தைத் தாண்டாது.

கடைசியாகப் பணம். பட்டன் போன் வைத்து இருப்பவர்களும் இன்டர்நெட்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டி வந்தார்கள். இது நியாயம் அல்ல என்று கருதி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்" 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. பேச்சு, எஸ்.எம்.எஸ். இரண்டுக்கு மட்டும் தனி ரீசார்ஜ் கொடுக்க வேண்டும், அது 365 நாள் வரை செல்லலாம் என்பது உத்தரவு. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அதைக் கொண்டுவந்தன. விளம்பரப் பலகையில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். "டேட்டா இல்லாத ரீசார்ஜ்" என்று நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.