கடனைக் கொடையாக்கும் வித்தை

அகத்தியமலையின் காணி மக்களும் ஆரோக்கியப்பச்சையும் பற்றிய கதையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். 1987-இல் ஆய்வாளர் குழு ஒன்று மலையேறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு கனியைத் தின்றபடி களைப்பின்றி நடந்தனர். தயங்கித் தயங்கியே அவர்கள் அச்செடியைக் காட்டினர். அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து பிறந்தது. கோவை மருந்து நிறுவனம் ஒன்று பத்து இலட்சம் ரூபாய் உரிமத் தொகையும் விற்பனையில் இரண்டு விழுக்காடும் தர ஒப்பியது. அவற்றில் பாதி காணியரின் அறக்கட்டளைக்கு. குறைகள் ஏராளம்; காணியருக்குள்ளேயே பிளவும் உண்டாயிற்று. ஆயினும், கொடுக்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார் என்பதில் ஐயமில்லை.

2019-இல் அதே செடியின் மரபணுத்தொகை வரைவு வெளியாயிற்று. இனி எவரும் மலையேற வேண்டியதில்லை. இலை வேண்டாம், கனி வேண்டாம், காணியின் அனுமதியும் வேண்டாம். கணினி ஒன்று போதும். உயிர்ப்பொருள் எல்லை கடந்தால் 2010-இன் நகோயா நெறிமுறை கேள்வி கேட்கும். எழுத்து வரிசையாக மாறிய உயிர் கடந்தால், அது கேட்குமா என்பதிலேயே நாடுகள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டன.

அதற்கு விடையாக 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு ஒரு நிதியத்துக்கு வழிவகுத்தது. 2025 பிப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. காலி நிதியம்! தமிழில் வாசிக்கையில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரபணுத் தரவால் பயன்பெறும் பெருநிறுவனங்கள் இலாபத்தில் 1 விழுக்காடோ வருவாயில் 0.1 விழுக்காடோ செலுத்தலாம். சேரும் பணத்தில் பாதியேனும் பழங்குடியினர்க்கும் உள்ளூர்ச் சமூகத்தினர்க்கும் போகலாம். 'செலுத்தியாக வேண்டும்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'செலுத்துவது தகும்' என்று எழுதியிருக்கிறார்கள். இலக்கணம் அறிந்தவர்க்கு இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை விளக்கத் தேவையில்லை. முன்னது கடன்; பின்னது கொடை. கடன் கொடுத்தவன் நிமிர்ந்து நின்று கேட்பான். கொடைக்கு நிற்பவன் இரவலன். காணியை இரவலன் ஆக்கும் உரிமையை யார் யாருக்குத் தந்தார்கள்? அமெரிக்கா இவ்வுடன்படிக்கையில் உறுப்பினராகக்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்க.

அறிவியல் தரவு திறந்திருக்க வேண்டும், பூட்டினால் ஆய்வு நின்றுவிடும் என்பர். கொரோனாக் காலத்தில் திறந்த தரவு உயிர்களைக் காத்தது மெய், நாம் மறுக்கவில்லை. ஆனால் பூட்டச் சொன்னது யார்? வாசிப்பது இலவசமாகவே இருக்கட்டும். விற்கும் இடத்தில் பங்கைக் கேட்கிறோம். திறந்த தரவை வைத்துக் காப்புரிமை பெற்று அதன்மேல் வேலி கட்டுகிறவர்களே திறந்த மனம் குறித்துப் பேசுவதுதான் வேடிக்கை.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அகத்தியமலையில் செடிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, இச்செடி ஏன் ஆய்வகம் சென்றது? காணியர் சொன்னதனால். தரவுத்தளங்கள் இப்போது மாதிரி எடுத்த நாட்டின் பெயரைக் கேட்கின்றன; அதன் பயனைச் சொல்லிக்கொடுத்தவர் பெயரைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பொது நிதியில் எல்லாம் கலந்தபின், காணியர்க்கு வருவது அவர்கள் செடிக்கான பங்காகவும் இராது.

நம் நாட்டுச் சட்டமோ இரு திசையில் நடக்கிறது. சென்னையிலிருந்து இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் 2025 விதிமுறைகள் மரபணு வரிசைத் தகவலையும் பங்கீட்டுக்குள் கொணர்ந்தன, நன்று. 2023-இன் திருத்தச் சட்டமோ ஏட்டில் பதிவான மரபறிவுக்குப் பங்கீட்டிலிருந்து விலக்களித்தது. ஏடு எழுதியவன் அறிவுக்கும் எழுதாதவன் அறிவுக்கும் வேலி போட்டு, இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டவனுக்கு வாயிலைத் திறந்துவிட்டார்கள். ஏட்டில் உள்ளவற்றில் எத்தனை, மலைவாழ் மக்கள் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டவை? இக்கேள்வியை ஆணையத்தின் முன்பும் மருந்து நிறுவனங்களின் முன்பும் வைக்கிறோம்.