டிரையர் நின்றால் அரைப் பேரா?

பெக்டரியில் டிரையர் பழுது என்றால் அந்தச் செய்தி மலைக்கு எப்படி வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். "பின்னேரக் கொழுந்து வேண்டாம்" என்று கங்காணி வந்து சொல்வார். காலையில் எடுத்த கிலோவை மட்டும் பார்த்து, சில தோட்டங்களில் அரைப் பேர் போட்டுவிடுகிறார்கள். நாட்சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. பெக்டரிக்குள் இருப்பவர்களுக்கோ பகல் முழுக்கக் காத்திருப்பு, மெஷின் சரியானதும் விடிய விடிய வேலை.

"மெஷின் என்றால் பழுதாகத்தான் செய்யும்" என்பது துரைமாரின் பதில். அது சரிதான். ஆனால் பழுதான நாளில் வேலையை எப்படி ஒழுங்கு செய்வது என்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

தேயிலை எப்படி ஆகிறது என்று பாருங்கள். பச்சைக் கொழுந்து வாட்டுத் தொட்டியில் 12 முதல் 18 மணித்தியாலம் வரை கிடக்கிறது. அங்கே கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம். ரோலருக்குள் போய் இலை கசங்கிவிட்டால் அப்படியில்லை. நொதிப்பது இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிந்து, இலை டிரையருக்குள் போயே ஆக வேண்டும். தாமதித்தால் மணமும் நிறமும் கெட்டு, கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஆகவே டிரையர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுக்குத்தான் ரோலரை ஏற்ற வேண்டும். மலையில் எடுக்கும் கொழுந்தையும் அதற்கேற்ப முதல் நாளே கணக்கிட வேண்டும். நல்ல டீமேக்கருக்கு இது பாலபாடம். டிரையரின் சத்தம் மாறுவதை அவருக்கும் முன்பே கேட்பவர் அதன் பக்கத்தில் நிற்கும் நம் ஆள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

2022 மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. டிம்புள்ள பக்கத்தில் நல்ல விலை போகும் தரமான தேயிலை வரும் பருவமும் அதுதான். ஆனாலும் எந்தப் பகுதிக்கு எந்த நேரம் வெட்டு என்று அட்டவணை போட்டு அறிவித்தார்கள். முன்கூட்டியே தெரிந்த தடைக்கு வேலையை மாற்றிப் போடலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது வேறு கதை. குரங்குக்கு யாரும் அட்டவணை போட முடியாது. தெரிந்த தடைக்குத் திட்டம் போடாதது நிர்வாகத்தின் குறை. தெரியாமல் வரும் தடை கம்பனியின் தொழில் நட்டம். இரண்டிலும் நம் செக்ரோலில் கைவைக்க என்ன நியாயம்?

ஒரு காலத்தில் மலையகத்தில் பல பெக்டரிகள் ஓடைத் தண்ணீரில் சொந்தமாக மின்சாரம் எடுத்து ஓடின. சபையின் கரண்ட் வந்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். அந்த முடிவை எடுக்கும்போதும் நம்மைக் கேட்கவில்லை.

"பெக்டரி வேறு, மலை வேறு" என்று ஒரு சாட்டும் சொல்கிறார்கள். சம்பளச் சபையில் தேயிலைச் செய்கையும் உற்பத்தியும் ஒரே தொழிலாகத்தான் இருக்கின்றன. பெக்டரி கொழுந்தை வாங்க முடியாத நாளில் புல்வெட்டோ கான்வெட்டோ கொடுத்து முழுப் பேர் போடட்டும். காத்திருந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடட்டும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டத் தொடங்குவதற்கு முன்பே டிரையரைப் பிரித்துப் பார்த்து, எந்தெந்த நாள் நிற்கும் என்று பிரட்டுக்களத்தில் சொல்லட்டும்.

வாயால் சொன்னால் நிர்வாகம் மறுத்துவிடும். ஆகவே மெஷின் பழுது என்று உங்களுக்கு அரைப் பேர் போட்டால், அன்றைய திகதி, எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை கிலோ எடுத்திருந்தீர்கள் என்று எழுதி, உங்கள் தோட்டத் தலைவரிடம் அந்த மாதச் சம்பளத்துக்கு முன்பே கொடுங்கள்.